வீட்டு நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டர்களை ஆளுக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுப்பது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். வீட்டில் ஒரு விண்டோஸ் 11 டெஸ்க்டாப் இருக்கிறது. அதன் டி டிரைவில் குடும்பப் படங்கள், சினிமாக்கள், மனைவி டியூஷனுக்குத் தயாரிக்கும் வினாத்தாள்கள், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று இவற்றின் ஸ்கேன்கள் எல்லாம் உள்ளன. டிரைவ் முழுவதையும் 'எவ்ரிஒன்' என்று ஷேர் செய்திருந்தீர்கள். மகன் தன் லேப்டாப்பில் இடம் ஒழிக்கிறேன் என்று எதையோ அழிக்கப்போய், ஒரு ஃபோல்டர் நிறைய படங்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு பிள்ளைகள் பத்திரங்களைத் தொடக்கூடாது என்று 'யூசர்ஸ்' குழுவுக்கு 'டினை', அதாவது அனுமதி மறுப்பு, போட்டீர்கள். இப்போது உங்கள் லேப்டாப்பிலிருந்து போனால் உங்களுக்கே 'ஆக்சஸ் டினைடு' வருகிறது. மாடியில் குடியிருப்பவர்களும் இதே வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள். வெளியூரிலிருந்தும் ஃபைல்களை எடுக்க வழி உண்டா என்பது கடைசிக் கேள்வி.

உங்களை வெளியே நிறுத்தியது அந்த டினைதான். நீங்கள் அட்மின் என்றாலும் யூசர்ஸ் குழுவிலும் இருக்கிறீர்கள். அந்த டெஸ்க்டாப்பில் பெயர் சொல்லி நுழைகிற எல்லோருமே அந்தக் குழுவில் அடக்கம். ஒரே ஃபோல்டரில் ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் 'அலவ்', இன்னொரு பக்கம் டினை என்று இருந்தால் டினைதான் ஜெயிக்கும். பிள்ளைகளைத் தடுப்பதாக நினைத்து வீட்டில் எல்லோரையும் தடுத்துவிட்டீர்கள். டினை என்ற கட்டத்தை வீட்டில் யாருமே தொட வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அனுமதி கிடையாது, அவ்வளவு போதும்.

டினையை எடுத்த பிறகும் லேப்டாப்பிலிருந்து திறக்காமல் போகலாம். 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு ஃபுல் கண்ட்ரோல் இருக்கிறது, நானும் அட்மின், பிறகு ஏன்?' என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. வீட்டுக் கணினிகளில் அட்மின் கணக்கோடு நெட்வொர்க் வழியாக வருபவருக்கு விண்டோஸ் அட்மின் உரிமையைக் கழித்துவிட்டுத்தான் உள்ளே விடும். இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. ஆகவே, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவுக்குக் கொடுத்த அனுமதி வெளியிலிருந்து வரும்போது உங்களுக்கு உதவாது. உங்கள் கணக்கின் பெயரையே பட்டியலில் தனியாகச் சேருங்கள். இந்த ஏற்பாட்டை ரெஜிஸ்ட்ரியில் மாற்றச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கும். அவற்றைச் செய்யாதீர்கள். பெயரைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை.

அனுமதிகளைப் பிரிப்பதற்கு முன் ஒரு அடிப்படை சரியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். வந்திருப்பது யார் என்று டெஸ்க்டாப்புக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாஸ்வேர்டு கேட்டுத் தொந்தரவு செய்கிறது என்று 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' என்பதை ஆஃப் செய்துவிடுகிறார்கள், அப்படிச் செய்யச் சொல்லும் வீடியோக்களுக்கும் குறைவில்லை. ஆஃப் செய்த நொடியிலிருந்து மகன், மனைவி, மாடிவீட்டுக்காரர், வந்த விருந்தாளி எல்லோரும் ஒரே 'கெஸ்ட்' என்ற அடையாளத்தில் உள்ளே வரலாம். எல்லோரும் ஒரே ஆளாகத் தெரியும்போது ஒருவருக்குப் படிக்க, இன்னொருவருக்கு எழுத என்று எப்படிப் பிரிப்பது? முதல் வேலையாக அதை ஆன் செய்யுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ். அங்கே 'ஆல் நெட்வொர்க்ஸ்' என்ற பகுதியில் இருக்கும். உங்கள் வைஃபை 'ப்ரைவேட்' நெட்வொர்க் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் ஷேரிங்கைத் தடுக்கும். அதற்காக ஃபயர்வாலையே அணைக்க வேண்டாம். பழைய கட்டுரைகள் சொல்லும் ஹோம்குரூப் என்ற வீட்டு ஷேரிங் வசதியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸ் 7-ல் வந்த அந்த வசதியை 2018-ல் விண்டோஸ் 10-ன் 1803 பதிப்போடு நீக்கிவிட்டார்கள்.

அடுத்து ஆட்கள். டெஸ்க்டாப்பில் மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று என்று லோக்கல் கணக்குகளை உருவாக்குங்கள். அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட் என்று போனால் முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத்தான் கேட்கும். இவரது விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பை அழுத்தி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெயரைச் சின்ன ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். எல்லாமே 'ஸ்டாண்டர்டு' வகையாக இருக்கட்டும். இந்தக் கணக்குகளில் யாரும் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து லாகின் செய்ய வேண்டும் என்பதில்லை. அடையாளத்துக்காகத்தான் இவை.

ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டு கட்டாயம். பாஸ்வேர்டு காலியாக உள்ள கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக நுழையவிடாது. திரையின் முன்னால் உட்கார்ந்தால்தான் அது செல்லும். பின் நம்பரும் அப்படித்தான். நாலு இலக்கப் பின்னை நெட்வொர்க் பெட்டியில் அடித்துவிட்டு ஏன் ஏற்கவில்லை என்று குழம்புபவர்கள் நிறைய. அது அந்தந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தால் யூசர்நேமாக இமெயில் முகவரியையும், பாஸ்வேர்டாக அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும்.

இனி அனுமதிகள். விண்டோஸ் ஷேரிங்கில் இரண்டு அடுக்கு உண்டு என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ப்ராப்பர்டீஸ் பெட்டியில் 'ஷேரிங்' என்ற தாவலில் இருப்பது காம்பவுண்டு கேட், 'செக்யூரிட்டி' என்ற தாவலில் இருப்பது வீட்டுக் கதவு. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்டியாக வேண்டும், இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லுபடியாகும். ஷேரிங்கில் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிட்டு செக்யூரிட்டியில் படிக்க மட்டும் என்று இருந்தால், படிக்க மட்டும்தான் முடியும். தலைகீழாக இருந்தாலும் அதேதான். டெஸ்க்டாப்பிலேயே உட்கார்ந்து திறப்பவருக்கு முதல் அடுக்கு கிடையாது, செக்யூரிட்டி மட்டுமே.

இரண்டிலும் நுணுக்கமாகப் பிரிக்கப்போனால் பிறகு எது எதைத் தடுக்கிறது என்று நமக்கே தெரியாது. என் வழக்கம் இது: ஷேரிங் பக்கத்தில் ஒரே மாதிரி பொதுவான அனுமதி, பிரிப்பதெல்லாம் செக்யூரிட்டி பக்கத்தில்.

டிரைவ் முழுவதையும் ஷேர் செய்ததை நீக்கிவிடுங்கள். டி டிரைவில் படங்கள், சினிமா, டியூஷன், பத்திரம் என்று நான்கு ஃபோல்டர்களை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே ஷேர் செய்யுங்கள். ப்ராப்பர்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், அதற்குள் பர்மிஷன்ஸ். அங்கே தானாக வந்து உட்கார்ந்திருக்கும் எவ்ரிஒன் என்பதை நீக்கி, 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்பதைச் சேர்த்து, 'சேஞ்ச்' வரை டிக் செய்யுங்கள். எவ்ரிஒன் என்பதில் கெஸ்ட்டும் அடக்கம், இதில் இல்லை. ஃபுல் கண்ட்ரோல் யாருக்கும் வேண்டாம். அதில் அனுமதிகளையே மாற்றும் உரிமையும் சேர்ந்து வருகிறது. ஃபைலைத் திருத்த, சேர்க்க, அழிக்க சேஞ்ச் போதும்.

அப்புறம் செக்யூரிட்டி. பத்திர ஃபோல்டரை எடுத்துக்கொள்வோம். செக்யூரிட்டி தாவலில் அட்வான்ஸ்டு போனால் ஒரு பட்டியல் வரும். அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இரண்டாவது டிரைவ்களில் இயல்பாகவே ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு 'மாடிஃபை' அனுமதி இருக்கும், அதாவது பாஸ்வேர்டு உள்ள எவரும் திருத்தலாம், அழிக்கலாம். புதிதாக உருவாக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் டிரைவிலிருந்து இதைத்தான் வாரிசாகப் பெறுகின்றன. 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' என்ற பொத்தானை அழுத்துங்கள். இரண்டு வழி கேட்கும். இருப்பவற்றை இந்த ஃபோல்டரின் சொந்த அனுமதிகளாக மாற்றும் 'கன்வர்ட்' வழியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் நீக்கும் இன்னொரு வழி வேண்டாம். பிறகு யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் இரண்டு வரிகளையும் நீக்குங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டும் இருக்கட்டும். கடைசியாக உங்கள் பெயர், மனைவி பெயர் இரண்டையும் சேர்த்து மாடிஃபை கொடுங்கள். பிள்ளைகளுக்கு எந்த வரியும் வேண்டாம். ஷேரின் பெயர் அவர்கள் கணினியில் தெரியும், திறக்காது. பெயரும் தெரிய வேண்டாமென்றால் ஷேரின் பெயர் முடிவில் டாலர் குறி போடுங்கள், பட்டியலில் வராது. ஆனால் மறைவது பெயர் மட்டும்தான். காவல் காப்பது செக்யூரிட்டி பட்டியல்.

டியூஷன் ஃபோல்டருக்கும் இதே முறை, மனைவிக்கு மாடிஃபை, உங்களுக்கு வேண்டுமானால் 'ரீட்'. வினாத்தாள் அம்மாவிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்பதையும் இது பார்த்துக்கொள்ளும். சினிமா ஃபோல்டரில் எல்லோருக்கும் ரீட், உங்களுக்கு மட்டும் மாடிஃபை. மேலும் விளக்க அதில் ஒன்றுமில்லை.

படங்கள் வேறு கதை. நெட்வொர்க் வழியாக விண்டோஸ் ஷேரில் ஒரு ஃபைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அழிப்பவரின் லேப்டாப்பிலும் இருக்காது, டெஸ்க்டாப்பிலும் இருக்காது. உங்கள் படங்கள் போனதும் இப்படித்தான். படித்துப் பார்ப்பதற்கு யாருக்கு வேண்டுமானாலும் தாராளமாகக் கொடுக்கலாம், எழுதும் உரிமையை மட்டும் கஞ்சத்தனமாகக் கொடுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் விஷயத்திலும் இதுதான் முதல் காப்பு. பிள்ளையின் லேப்டாப்பில் அது புகுந்தால், அந்த லேப்டாப்பிலிருந்து எழுத முடிகிற எல்லா ஷேர்களையும் சேர்த்தே பூட்டிவிடும். எழுத முடியாத ஷேரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே படங்கள் ஃபோல்டரில் உங்களைத் தவிர எல்லோருக்கும் ரீட் மட்டும் கொடுங்கள். நீங்களும் தினசரி வேலைக்கு ரீட் மட்டும் உள்ள ஒரு கணக்கில் வந்து, படங்களை அடுக்கும் நாளில் மட்டும் எழுதும் கணக்கில் வருவது இன்னும் நல்லது.

ஆனால் எல்லோரும் தங்கள் ஃபோனிலிருந்து படங்களைக் கொண்டுவந்து போட ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்கு 'புதுப்படங்கள்' என்று தனி ஃபோல்டர் வைத்து அதில் எல்லோருக்கும் மாடிஃபை கொடுங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் அதிலிருந்து உண்மையான தொகுப்புக்கு எடுத்து வையுங்கள். இதில் பலரும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே டிரைவுக்குள் கட் செய்து பேஸ்ட் செய்தால் ஃபைல் தன் பழைய அனுமதிகளையும் சுமந்துகொண்டு வரும். தொகுப்புக்குள் வந்த பிறகும் அந்தப் படத்தை மகன் அழிக்க முடியும், ஏனென்றால் அது இன்னும் புதுப்படங்கள் ஃபோல்டரின் விதிகளில்தான் இருக்கிறது. காப்பி செய்தால் இந்தப் பிரச்சினை இல்லை. புதிதாக உருவாகும் பிரதி, போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே காப்பி செய்யுங்கள், சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள். ஏற்கெனவே நிறைய நகர்த்தியிருந்தால், தொகுப்பு ஃபோல்டரின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டியில் கீழே உள்ள 'ரிப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்' என்று தொடங்கும் கட்டத்தை ஒருமுறை டிக் செய்து அப்ளை கொடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே சீராகிவிடும். 'ஒரு ஃபைல் மட்டும் மனைவிக்குத் திறக்கவில்லை' என்ற புகாருக்கும் பெரும்பாலும் காரணம் இதே நகர்த்தல்தான்.

படங்களுக்கு அனுமதி மட்டும் போதாது. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் தொடாது. அந்த டிஸ்க்கையே ஷேர் செய்ய நினைத்தால் ஒன்றைப் பாருங்கள். எக்ஸ்ஃபேட், ஃபேட்32 ஃபார்மேட்டில் உள்ள டிஸ்க்குகளில் செக்யூரிட்டி தாவலே வராது, அந்த ஃபார்மேட்டுகளில் ஆளுக்கு ஆள் அனுமதி என்ற ஏற்பாடு இல்லை. ஆள் பார்த்துப் பிரிக்க என்டிஎஃப்எஸ் வேண்டும்.

இனி சோதித்துப் பாருங்கள். மகனின் லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு, டெஸ்க்டாப்பின் பெயர் என்று அடித்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். யூசர்நேம் இடத்தில் டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, கணக்கின் பெயர் என்று முழுமையாகக் கொடுங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் அது லேப்டாப்பின் சொந்தக் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. உள்ளே போனதும் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். படங்கள் ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கப் பாருங்கள், முன்கூட்டியே நீங்கள் போட்டுவைத்த ஓர் உதவாத படத்தை அழிக்கப் பாருங்கள். இரண்டும் தோற்க வேண்டும்.

அதே லேப்டாப்பில் உங்கள் கணக்கையும் சோதிக்கப் போனால், ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் இணைய முடியாது என்று 1219 என்ற எண்ணோடு பிழை வரும். அனுமதியில் தவறு என்று நினைத்து எல்லாவற்றையும் கலைத்துவிட வேண்டாம். க்ரெடென்ஷியல் மேனேஜரில் டெஸ்க்டாப்பின் பெயரில் சேமித்திருப்பதை நீக்கி, சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள். சைன் அவுட் செய்யாமலே சோதிக்க இன்னொரு வழி, டெஸ்க்டாப்பில் அட்வான்ஸ்டு செக்யூரிட்டியில் உள்ள 'எஃபெக்டிவ் ஆக்சஸ்'. ஆளைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஃபோல்டரில் அவருக்கு எதெல்லாம் முடியும் என்று வரிவரியாகக் காட்டும். என்னென்ன ஷேர் ஆகியிருக்கிறது என்று மறந்துபோனால் கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் ஷேர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், முழுப் பட்டியலும் வரும். டாலர் குறியோடு சி, டி என்று இருப்பவை விண்டோஸ் தானாக வைத்திருப்பவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

டிவியில் சினிமா பார்ப்பதற்கு டிஎல்என்ஏ என்ற மீடியா சர்வரை ஆன் செய்தால், அதில் ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்ற வழக்கமே கிடையாது. நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் அதைப் பார்த்துவிடும். சினிமா ஃபோல்டரை மட்டும் அதில் சேருங்கள், படங்களை வேண்டாம். ஆண்ட்ராய்டு டிவி என்றால் விஎல்சி வழியாக ஷேரையே திறக்கலாம். அதற்கு டிவிக்கென்று ஒரு கணக்கு உருவாக்கி, சினிமாவுக்கு மட்டும் ரீட் கொடுங்கள். டிவிக்குள் உங்கள் சொந்தப் பாஸ்வேர்டைச் சேமிக்கவே கூடாது. பழைய டிவி பாக்ஸ், பழைய ரவுட்டர் இவற்றுக்காக விண்டோஸ் ஷேரிங்கின் பழைய முறையான 'எஸ்எம்பி1'-ஐ ஆன் செய்யச் சொல்வார்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதுவும் மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்ட பிறகு. விண்டோஸ் அதை இயல்பாக நிறுவாமல் விட்டிருப்பது நம் நன்மைக்கே, அப்படியே இருக்கட்டும்.

மாடிவீட்டுக்காரர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்கள் வீட்டுக்கு வருபவர்களையும் அவர்களுடைய கணினியின் நிலைமையையும் நாம் அறிய முடியாது. ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருந்தால் அதை ஆன் செய்து, அவர்களுக்கு அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். கெஸ்ட்டில் இருப்பவர் உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் ஒரு தேர்வு சில ரவுட்டர்களில் உண்டு, அது ஆஃபாக இருக்க வேண்டும். பிறகு உங்கள் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதை மறந்தால் பழைய பாஸ்வேர்டிலேயே அவர்கள் உள்ளே இருப்பார்கள்.

பத்திர ஸ்கேன்களுக்கு இன்னும் ஒரு படி தேவை. இதுவரை சொன்ன அனுமதிகள் எல்லாம் அந்த விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அங்குள்ள அட்மின் எதையும் திறந்துவிடலாம். டெஸ்க்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இது உண்மையான கவலை. விண்டோஸ் ப்ரோ என்றால் டி டிரைவுக்கு, டிரைவையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போடுங்கள், ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஹோம் பதிப்பு என்றால் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்திரங்களை மட்டும் பாஸ்வேர்டு போட்ட 7-ஜிப் கோப்பாக்கி வைக்கலாம். பிள்ளைகளில் யாராவது டெஸ்க்டாப்பில் அட்மினாக இருந்தால் இன்றே ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். அட்மினாக இருப்பவர் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு எந்த ஃபோல்டரையும் திறக்க முடியும்.

டெஸ்க்டாப் நாள் முழுக்க ஓட வேண்டியிருப்பது பிடிக்கவில்லை என்றால் பின்னாளில் நாஸ் என்ற, நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் டிஸ்க் பெட்டி ஒன்றை வாங்கலாம், அல்லது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் சாம்பா என்ற ஷேரிங் மென்பொருளைப் போடலாம். அங்கேயும் ஆள், ஷேர் அனுமதி, ஃபைல் அனுமதி என்ற இதே அமைப்புதான். சாம்பாவில் அழித்த ஃபைலைத் தனி ஃபோல்டரில் பிடித்துவைக்கும் வசதியும் உண்டு. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர்களோடு இயல்பாக இணைய முடிவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை விண்டோஸில் தளர்த்தாமல், நாஸில் ஒரு கணக்கு உருவாக்கி அதில் நுழையுங்கள்.

வெளியூரிலிருந்து எடுப்பதைப் பற்றி: ரவுட்டரில் 445 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்வார்கள். எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். விண்டோஸ் ஷேரிங் ஓடுவது அந்த போர்ட்டில்தான், அது திறந்திருக்கும் கணினிகளைத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன்னை, அதாவது இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருளை, டெஸ்க்டாப்பிலும் உங்கள் லேப்டாப்பிலும் போடுங்கள். டெயில்ஸ்கேல் அமைப்பது எளிது, ரவுட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை. வெளியூரில் அதை ஆன் செய்ததும் வீட்டிலிருப்பது போலவே ஷேர் திறக்கும், யாருக்கு எது என்று இங்கே பிரித்துவைத்த அனுமதிகளும் அப்படியே செல்லும். டெஸ்க்டாப்பைத் தவிர அதை உங்கள் லேப்டாப்பில் மட்டும் போட்டால் போதும், பிள்ளைகளின் கருவிகளில் இப்போதைக்குத் தேவையில்லை.